எதிர்வீட்டு அடுப்பு

எதிர்வீட்டு ஜன்னலில் தீ எரியத் தொடங்கியது.

"மகாராணி எழுந்தாச்சு" என்று முணுமுணுத்தார் பெலார்மினோ.

இன்னும் விடியவில்லை. தென் சிலியின் கொய்ஹைக்கே ஊரே குளிரில் விறைத்துக் கிடந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் துள்ளியது. எர்மெலிந்தா தன் பக்கம் திரும்பிப் பார்ப்பாளா என்று திரைச்சீலையை விலக்கிக்கொண்டு காத்திருந்தார். ஒரு நிழல்கூட ஆடவில்லை.

இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

அந்தத் தெருவில் காலையில் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பது கூரையைப் பார்த்துத்தான். புகைபோக்கியில் புகை வந்தால் ஆள் சௌக்கியம். வராவிட்டால் எதிர்வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். எர்மெலிந்தா வீட்டில் இப்போது புகை வருவதில்லை. அதனால் பெலார்மினோ கூரைக்குப் பதில் ஜன்னலைப் பார்த்தார்.

இருவருமே துணையை இழந்தவர்கள். குளிர்காலத்துக்கு முன்னால் அவளுக்கு விறகு பிளந்து அடுக்குவது அவர்தான். காலையில் அவள் மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றித் தர, ஒரே குவளையில் ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சுவார்கள். 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா' என்று கேட்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை. வாய்க்குப் பதில் இத்தனை வருஷமாகக் கோடாலி பேசிக்கொண்டிருந்தது.

போன வாரம் தலைநகர் சந்தியாகோவிலிருந்து எர்மெலிந்தாவின் மகள் யஸ்னா வந்து இறங்கினாள். அம்மாவின் இருமலைக் கேட்டாள். கேட்ட கையோடு பழைய விறகடுப்பைக் கழற்றி அனுப்பிவிட்டு, புகையே வராத பெல்லட் அடுப்பு ஒன்றைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பெலார்மினோ போய்ப் பார்த்தார். மூட்டைக்குள் கைவிட்டு, சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டுகளை அள்ளினார்.

"என்ன இது, கோழித் தீவனமா?"

"அழுத்தின மரத்தூள்யா. ஒரு மூட்டை கொட்டினா நாள் கணக்கா எரியுமாம்."

"முட்டையும் போடுமா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "பண்ணு, நல்லா கிண்டல் பண்ணு. இனிமே நான் குனிய வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம். எல்லாம் என் பொண்ணு பாத்துக்குவா."

"அப்போ நான் எதுக்கு?"

"நீ என்ன, விறகா? உக்காரு, மாத்தே குடி."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கொல்லையில் அவர் அடுக்கிய விறகு கூரை உயரத்துக்கு நின்றது. அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"பொருத்தமான அடுப்புதான் வாங்கிக் கொடுத்திருக்கா உன் பொண்ணு. உன்னை மாதிரியே. உள்ளே ஈரமே கிடையாது."

அவள் முகம் சட்டென்று மாறியது. "எழுந்து போய்யா. நானா கூப்பிடற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே."

அவள் கூப்பிடவில்லை. அவரும் போகவில்லை. காலையில் ஜன்னலில் தீ தெரியும்போதெல்லாம் அவர் பொருமினார். சுகமாகக் குளிர் காய்கிறாள், என்னை நினைக்கக்கூட இல்லை.

இன்று அவரால் தாங்க முடியவில்லை. கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். "எர்மெலிந்தா, நான் ஒரு கழுதை" என்று சொல்லிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. இத்தனை வருஷமாக வராத அந்த இன்னொரு வாக்கியத்தையும் சொல்லிப் பார்த்தார். அதுவும் வந்தது!

தெருவைக் கடந்தார். அவள் வாசல்படியில் ஞாயிற்றுக்கிழமை பெய்த பனி ஒரு காலடிகூடப் படாமல் வெள்ளையாகக் கிடந்தது. விறகு எடுக்க அவள் வெளியே வர வேண்டிய அவசியம்தான் இப்போது இல்லையே. அதுவும் அவருக்கு வலித்தது.

"ஏ எர்மெலிந்தா! கழுதை வந்திருக்கு, கதவைத் திற!"

கதவைத் தட்டினார்.

"தூங்கற மாதிரி நடிக்காதே. அடுப்பு எரியறதைப் பாத்துட்டுத்தான் வந்தேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுத்தான் போவேன்."

மறுபடி தட்டினார். கை வலித்ததுதான் மிச்சம். இந்த அழுத்தக்காரியை வழிக்குக் கொண்டுவர ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்று கைபேசியை எடுத்து யஸ்னாவைக் கூப்பிட்டார்.

"யஸ்னா, மாமா பேசறேன். உங்கம்மாகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா. கதவைத் திறக்க மாட்டேங்கறா."

"ஏன் மாமா, என்னாச்சு?"

"சின்னச் சண்டை. தப்பு என் மேலதான். சனிக்கிழமையிலேர்ந்து பேச்சே இல்லை."

"சனிக்கிழமையிலேர்ந்தா?" அவள் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழமை அம்மா போன் எடுக்கலை. நீங்க தினமும் வந்து பாத்துக்கறீங்கங்கற தைரியத்துலதான் மாமா நான் சும்மா இருந்துட்டேன்."

"அட, நீ ஏன் பயப்படறே?" பெலார்மினோ சிரித்தார். "ஆள் கல்லு மாதிரி இருக்கா. தினமும் நான் எழுந்திரிக்கறதுக்குள்ள அடுப்பைப் பத்த வெச்சிடறா. ஜன்னல் வழியா நான்தான் பாக்கறேனே. இதோ, இப்பவும் எரியுது."

கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"யஸ்னா? கேக்குதாம்மா?"

"மாமா... அதை இங்கேயிருந்து போன்ல பத்த வைக்கிறது நான்."