அதே மாவு, அதே ரொட்டி

"மாவு வேணாங்க. அதுக்கும் சேத்து அரிசியே போடுங்க."

தேயிலைத் தோட்டத்து ரேஷன் ஸ்டோரில் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று செங்கமலத்திடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. கணக்கெழுதும் கிளாக்கர் கந்தப்பன் தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன், மாவுக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஆகலங்க. ரெண்டு வருசமா வயிறு ஊதிப்போயி, பேதியா போவுது. கோதுமையே கூடாதுன்னு பதுளை டொக்டர் சொல்லிட்டாரு. சோறு, குரக்கன் கூழு, வாழப்பழம், அவ்வளவுதான்."

"ஒனக்கு மாத்திக் குடுத்தா நாளைக்கு லயத்து வீட்டுச் சனமே வந்து நிக்கும். தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"நாளுக்கு நாள் வத்திப் போறது தொரை வீட்டுப் பிள்ளை இல்லீங்க."

வரிசையில் நின்ற பெண்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கந்தப்பன் அவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"எத்தன தடவ சொல்றது? என் வீட்டுலயும் இதே மாவுதான். என் மகனும் இதே ரொட்டிதான் திங்கிறான். அவனுக்கு என்ன வந்துச்சு?"

"அவனத்தாங்க டொக்டர்கிட்ட காட்டிட்டு வந்தேன்."

கந்தப்பன் நிமிர்ந்தார்.

"வீட்டு விசயத்த வீட்டுல பேசக் கூடாதா, செங்கமலம்?"

"வீட்டுல கேட்டேன். லயத்துக்கு ஒரு சட்டம், நம்ம வீட்டுக்கு ஒரு சட்டமான்னு கேட்டீங்க. அதான் லயத்து ஆளுங்களோட வந்து நின்னேன்."

அவள் வீட்டுச் சாவியைத் தராசுத் தட்டில் வைத்தாள். ஸ்டோர் வாசலில், கட்டிவைத்த துணி மூட்டையின் மேல் மகன் உட்கார்ந்திருந்தான்.

"ஹாலிஎலயில எங்கண்ணன் குரக்கன் வெதச்சிருக்காரு" என்றாள்.

மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மூட்டையையும் எடுத்துக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.