செடிச்சுவர்

மணி அடித்தது. தணிகாசலம் அவசரமாகத் தலை வாரிக்கொண்டு கதவைத் திறந்தார். இதற்காகத்தான் ஹால் சுவர் முழுக்க மாட்டியிருந்த செடிகளுக்கு, மூன்று நாளாக இரண்டு வாளி கூடுதலாக ஊற்றியிருந்தார்.

"என்ன அங்கிள், உங்க செடி குடிச்சது போக மிச்சமெல்லாம் எங்க பெட்ரூம் சுவர்ல வழியுது!" பக்கத்து ஃபிளாட் எஸ்தர் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தப்புதாம்மா. உள்ள வா, காபி போடறேன்."

திட்டிக்கொண்டே குடித்தாள். கிளம்பும்போது, "நாளைக்கு நானே ஆள் அனுப்பி, செடிக்குப் பின்னால தகடு அடிச்சுடறேன். அப்புறம் என் தொல்லையே உங்களுக்கு இருக்காது" என்றாள்.

மறுநாள் ஆள் வந்து அடித்துவிட்டுப் போனான். மாலையில் தணிகாசலம் நான்கு வாளி ஊற்றினார். தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தார். சுவருக்குள் போக வழியில்லாத தண்ணீர், தரையில் இறங்கி வாசல் கதவை நோக்கி மெல்ல ஊர்ந்தது.