பெங்களூரு கிளையன்ட்

கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த பெங்களூருக்காரருக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதற்கு அப்பால் உயர உயரமாய்க் கட்டடங்கள், நடுநடுவே பச்சை மரங்கள். அப்படிப்பட்ட ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்று டெல்பின் தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்திருந்ததோ தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். ஐ.டி. கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்டில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி அது. பிளைவுட் அடித்துத் தடுத்த அறையில் பழைய ஏசி ஒன்று லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

ஏஜென்சி நடத்தும் ஹரி, கதவைச் சாத்துவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பாடம் நடத்தினான்.

"அஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு தைரியமா அடிச்சு வுடு. எங்கேர்ந்து பேசறேன்னு கேட்டா, வீட்லேர்ந்துன்னு சொல்லு. கிளையன்டாண்ட நம்ம ஏஜென்சி பேச்சையே எடுக்கக் கூடாது, இன்னா?"

"சார், என் சர்டிபிகேட்டு..."

"எப்பப் பாரு சர்டிபிகேட்டு, சர்டிபிகேட்டு! மொதல்ல கிளையன்ட் ஓகே சொல்லட்டும். போன வருஷம் வந்தவங்கள்லாம் இப்போ ஜம்முனு வேலைல கீறாங்க. நீ ஒருத்திதான் ஒப்பாரி வெக்கறே."

சரிபார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி அவளுடைய டிகிரி, மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே வாங்கி வைத்துக்கொண்டவன் இந்த ஹரிதான். ஆதம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள், மகராசி, இருந்த வேலையை விட்டுவிட்டு இவனை நம்பி வந்தாள். இந்த மாடிப்படியை ஏறி இறங்கியதுதான் மிச்சம்.

இப்போது அதே பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஒரிஜினலோடு போய் நின்றால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள்.

ஆக, பொய் சொல்லித் தேறினால் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டும். தேறாவிட்டால் ஹரி சர்டிபிகேட்டைத் தரவே மாட்டான். எலியாவது பொறிக்குள் ஒரு தேங்காய்ச் சில்லுக்கு ஆசைப்பட்டுப் போகிறது, இவளுக்கு அந்தச் சில்லும் இல்லை.

"டெல் மீ அபவுட் யுவர் லாஸ்ட் ப்ராஜெக்ட்" என்றார் பெங்களூருக்காரர். டை கட்டியிருந்தார். இங்கிலீஷ் மழமழவென்று வந்தது.

காதை மூடியிருந்த ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை டெல்பின் ஒப்பிக்க ஆரம்பித்தாள். அமெரிக்க பேங்க் என்று தொடங்கியது, பதற்றத்தில் நடுவிலேயே இன்ஷூரன்ஸ் கம்பெனியாக மாறிவிட்டது. ஐயையோ, மாட்டினோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வெரி குட்" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்துக் கீழே ஜவுளிக்கடை வாசலில் செண்டை மேளம் கிளம்பியது. ஆடி மாதத் தள்ளுபடிக்கு ஆள் கூட்டுகிறார்களாம். வீட்டில் ஏது செண்டை மேளம்? முதல் அடி விழுந்ததுமே டெல்பின் பதறிப்போய்த் தன் மைக்கை அணைத்துவிட்டாள்.

பெங்களூருக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். "லெட் திஸ் நாய்ஸ் ஸ்டாப்" என்றார். மேளம் அடங்கும்வரை கோபப்படாமல் காத்திருந்தார்.

அடடா, எவ்வளவு பொறுமையான மனுஷன் என்று டெல்பினுக்கு மனசு இளகிவிட்டது. இவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? வருவது வரட்டும் என்று மைக்கைப் போட்டாள்.

"சார், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "எ லிட்டில்."

"நான் சொன்னதெல்லாம் பொய் சார். அஞ்சு வருஷமும் இல்ல, அஞ்சு நாளும் இல்ல. நான் சாதாரண ஸ்கூல் டீச்சர்."

பெங்களூருக்காரர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். ஆனால் அவளைத் தடுக்கவில்லை.

"வீட்லேர்ந்தும் பேசல சார், ஏஜென்சிலேர்ந்துதான் பேசறேன். என் ஒரிஜினல் எல்லாம் இங்க மாட்டிக்கிச்சு. கேட்டா மிரட்டறாங்க. எனக்குப் பெரிய கம்பெனில வேலை கிடைக்கணும்னு எங்கப்பா காலைலதான் சாந்தோம் கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்தாரு. அவருகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சார் இதச் சொல்லுவேன்?"

சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"நீங்கதான் சார் கிளையன்ட். உங்க தயவு இல்லன்னா இவங்களுக்குப் பொழப்பே இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கொடுத்துடுவாங்க. மாதா மேல சத்தியமா, எனக்கு இந்த வேலையே வேணாம் சார். என்னை இங்கேர்ந்து வெளிய அனுப்பி வச்சாப் போதும்!"

கடைசி வார்த்தைகள் அலறலாகவே வந்துவிட்டன.

அவர் தலையைத் திருப்பிக் கதவு இருந்த பக்கமாகப் பார்த்தார். பிறகு மைக்குக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுவந்தார். மழமழ இங்கிலீஷ் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"மெல்லப் பேசு தங்கச்சி, நானும் பக்கத்து ரூம்லதான் மாட்டிக்கினு கீறேன்."