குளத்தில் இறங்கியது யார்?

காலையில் வீட்டு நீச்சல்குளத்தின் ஓரமெல்லாம் ஈரக் காலடிகள் தெரிந்தன. தெசிஸ்லாவா கணவனை முறைத்தாள்.

"செம்பு கலந்த பாசி மருந்தைக் கைதவறி அதிகமாக் கொட்டிட்டேன், தண்ணி சரியாகட்டும், யாரும் இறங்காதீங்கன்னு நேத்தே சொன்னேனே, கலின்! நீங்கதானே?"

"சத்தியமா நானில்லடி. அம்மாவா இருக்குமோ?"

"அத்தையா? வீட்டுல குளம் எதுக்கு, வாத்து வளர்க்கவான்னு இன்னும் கேலி பண்றவங்களா!"

மாமியார் ஸ்தோயன்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாப் பலகாரத் தட்டோடு வந்தாள். தேவாலயத்துக்குப் போகும்போது மட்டும் கட்டும் துணியை வியர்க்க வியர்க்கத் தலையில் இறுக்கியிருந்தாள்.

"இந்த வெயில்ல இது எதுக்கு அத்தை? கழட்டுங்களேன்."

"எனக்குக் குளிருது."

தட்டை வைக்கக் குனிந்தபோது துணி நழுவியது. வெள்ளை வெளேரென்றிருந்த முடி முழுக்க இளம்பச்சையாகியிருந்தது.

கலின் வாயைப் பொத்திக்கொண்டான்.

"தண்ணி சுகமாத்தான் இருக்கு," என்றாள் மாமியார். "உன் மருந்துதான்டி தலையில ஒட்டிக்குது."