சுவரில் பிடித்த வெளிச்சம்

இரும்புக் குழாய்க் கிடங்கின் இரவுக் காவலாளி, டார்ச்சை வெறுஞ்சுவரின் மேல் பிடித்தபடி நிற்கிறான். நிர்வாகம் புதிதாகக் கொடுத்த டார்ச். இரண்டு செங்கல் கனம், பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். அது வந்த நாளிலிருந்து காவல் நாய்க்கு ஒரே புத்தி, வெளிச்சம் விழும் இடத்தில் பாய்வது. சற்று முன் வெளிச்சம் குழாய் அடுக்கில் விழுந்தபோது, குட்டியைக் கவ்விய காட்டுப்பூனை ஒன்று கண் கூசி அப்படியே நின்றுவிட்டது. நாய் பாய்வதற்குள் அவன் வெளிச்சத்தைச் சுவருக்குத் திருப்பிவிட்டான். இப்போது நாய் சுவரைப் பிறாண்டிக் குரைக்கிறது. பின்னால், பூனை வேலியைத் தாண்டிப் போய்வருவது நிழலாகத் தெரிகிறது.

"அணைச்சுத் தொலையேன் மச்சான், தூங்கலாம்," என்கிறான் கூட்டாளி, தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியபடி.

"அணைச்சா இவன் மோப்பம் புடிச்சு அங்க போயிடுவான்."

"மொத்தம் எத்தனை குட்டியாம்?"

"என்கிட்ட சொல்லிட்டா பெத்துச்சு? மூணு போயிருக்கு."

பகலெல்லாம் சந்தையில் கூலிக்கு மூட்டை இறக்கிய அவன் தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. வெளிச்சம் நடுங்குகிறது, நாயும் கூடவே ஆடுகிறது. குழாய்க்குள்ளிருந்து மெலிதாக இன்னொரு குட்டி கத்துகிறது. அவன் டார்ச்சைக் கை மாற்றிக்கொள்கிறான்.