ஆளுக்கு ஒரு லிட்டர்

ஆறு சிலிண்டர் காரா, எட்டு சிலிண்டர் காரா, எது அதிக மைலேஜ் தரும் என்று முதலாளியின் மகன்களுக்குள் பந்தயம். டேங்கைக் காலிசெய்து ஆளுக்கு ஒரு லிட்டர் ஊற்றி, கார் நிற்கும்வரை ஓட்டுவதாக ஏற்பாடு. கார்களை ஓட்டிச் சோதிக்கவென்றே வேலைக்கு எடுத்த பொன்னுத்தாயின் கையில் பத்து லிட்டர் பெட்ரோல் கேனைத் திணித்தார் மேனேஜர்.

"நான் இன்ஜினீயர் சார். ஓட்டத்தானே எடுத்தீங்க?"

"ஸ்கூட்டி ஓட்டுற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா? சிந்தாம ஊத்து, போதும்."

சின்னவன் சிரித்தான். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள். ஆறு சிலிண்டருக்கு ஒரு லிட்டர். எட்டு சிலிண்டருக்குக் கேன் காலியாகும்வரை.

முதலாளியின் மகன்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்தபோது எட்டு சிலிண்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் அவள் கையில்.

"ஏய், எங்க போற?"

"கார் நிக்கிற வரைக்கும் சார்."