தலைமாட்டில் கத்தரி

“செத்தவங்க கட்டில வீட்டுக்குள்ள வச்சிருக்கக் கூடாதுங்க.”

“நான் எங்கடி செத்தேன்?”

“டாக்டர்தான் கையை விரிச்சிட்டாரே,” என்றாள் அம்சவேணி.

மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்த தயாநிதி, கொல்லையில் கிடந்த தன் தேக்குக் கட்டிலைப் பார்த்தான். சுற்றிலும் பலகை அடித்து, மண் நிரப்பி, மனைவி அதைக் காய்கறிப் பாத்தியாக்கியிருந்தாள். தலைமாட்டில் கத்தரி காய்த்திருந்தது, கால்மாட்டில் வெண்டை.

“என் கருமாதிச் சமையலுக்கு வெளியில காய் வாங்க வேண்டாம்னு போட்டியாக்கும்?”

அவள் சொத்தைக் கத்தரிக்காய் ஒன்றைக் கிள்ளி வேலிக்கு அப்பால் எறிந்தாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, செடிகளுக்கு நடுவே மெல்லப் படுத்தான். மண்ணின் ஈரம் முதுகில் ஊறியது. கட்டிலின் நீளம் இன்னும் அவனுக்குச் சரியாகத்தான் இருந்தது.

“அம்சா, என் தலகாணியையாவது கொண்டுவா.”